கிரிப்டோ காயின் யார் பெயரில் இருக்கிறது? நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகத்தின் வருவாய்த் துறை, பொருளாதார விவகாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஈரோட்டில் 18 வருடங்களாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அமைச்சர் மதுரையில் பிறந்தவர், தமிழில் படித்தே புரிந்துகொள்வார் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளி வியாபாரிகள், பள்ளி ஆசிரியர்கள். 2022க்குப் பிறகு இன்னொரு கூட்டமும் வர ஆரம்பித்தது. எல்லாம் 25, 30 வயதுப் பிள்ளைகள். மாதச் சம்பளத்தில் 2,000, 3,000 என்று மிச்சம் பிடித்து கிரிப்டோ காயின் வாங்கியவர்கள். போனில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதையும் கணக்குல காட்டணுமாங்ண்ணா?" என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு விற்பனையையும் அதற்கான அட்டவணையில் ஏற்றிக் கொடுப்பேன்.

அப்படி வந்த ஒரு தம்பியால்தான் இந்த மடல். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்தில் 1,80,000 ரூபாய் வரை ஒரு நிறுவனத்தின் ஆப்பில் போட்டு வைத்திருந்தான். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் பணம் எடுக்கும் வசதி நின்றது. "பராமரிப்புப் பணி" என்று ஒரு வாரம் சொன்னார்கள், பிறகு அதையும் சொல்லவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, போன் எண் எங்குமே இல்லை. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய வந்தவனுக்குப் படிவம் 26ஏஎஸ், அதாவது அவன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் பட்டியலை, எடுத்துப் பார்த்தேன். அவன் விற்ற ஒவ்வொரு காயினுக்கும் பிடித்த 1 சதவீத டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பைசா குறையாமல் அரசாங்கக் கணக்கில் வந்து சேர்ந்திருந்தது. பிடித்தவரின் பெயர், வரி பிடிப்பவருக்கான டேன் எண் எல்லாம் சரியாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"ஏனுங்ண்ணா, வரி கவர்மெண்டுக்குத்தானுங்களே போயிருக்குது? அப்ப அவங்களுக்கு இந்தக் கம்பெனி யாருன்னு தெரியுமில்லீங்களா? அவங்ககிட்டயே கேக்கலாமுங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்க வேண்டிய இடம் நீங்கள்தான் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2022 நிதிச் சட்டம் வழியாக கிரிப்டோவையும் சேர்த்துக் குறிக்கும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற சொல்லை வருமான வரிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தீர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ். அதே ஏப்ரல் 1 அன்றுதான் இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது. விளம்பரத் தர நிர்ணய அமைப்பு வகுத்த விதிப்படி, அன்று முதல் ஒவ்வொரு கிரிப்டோ விளம்பரமும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும்: இவை ஒழுங்குமுறைக்கு உட்படாதவை, நட்டம் வந்தால் எந்த ஒழுங்குமுறை அமைப்பிடமும் பரிகாரம் கிடைக்காமல் போகலாம் என்று. அந்த எச்சரிக்கையில் பிழை ஒன்றும் இல்லை, உண்மையைத்தான் சொல்கிறது. என் வருத்தமெல்லாம், அது இன்றைக்கும் உண்மையாகவே இருக்கிறதே என்பதுதான். வரி வாங்கும் உரிமை தொடங்கிய அதே தேதியில், கேட்பதற்கு ஆள் இல்லை என்ற அறிவிப்பும் தொடங்கியிருக்கிறது.

இதற்கு உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். 2023 மார்ச் 7 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. நிதி நுண்ணறிவுப் பிரிவில், அதாவது எஃப்ஐயுவில், அவை பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத 9 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்த டிசம்பரில் நோட்டீஸ் போனது. பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ நிறுவனத்துக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாயும், பைபிட் நிறுவனத்துக்கு 2025 ஜனவரியில் 9.27 கோடி ரூபாயும் அபராதம் விதித்தீர்கள். நல்ல வேலைதான், அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பதிவு எதற்கானது? வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது, சந்தேகப்படும்படியான பரிவர்த்தனையை அரசுக்குத் தெரிவிப்பது, ஆவணங்களைப் பாதுகாத்து வைப்பது. வாடிக்கையாளர் தப்பானவராக இருந்தால் அரசைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. நிறுவனம் தப்பாக நடந்தால் வாடிக்கையாளரைக் காப்பாற்றும் ஏற்பாடு அதில் இல்லை. நிறுவனங்களோ ஆப்பின் முகப்பிலேயே "எஃப்ஐயு பதிவு பெற்றது" என்று போடுகின்றன. எங்கள் பிள்ளைகள் அதை லைசென்ஸ் என்றுதான் படிக்கிறார்கள். பேக்கரியில் பன் பாக்கெட்டின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நம்பி வாங்குகிறோம். இதுவும் அதுபோல என்று அவர்கள் நினைத்தால் அது அவர்கள் தவறா?

அப்புறம், லைசென்ஸ் என்ற சொல்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நம் நாட்டைவிட அனுபவித்துக் கற்ற நாடு அதிகம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சீட்டு நிதிச் சட்டம் 1982ன் 20ஆம் பிரிவின்படி, சீட்டு நடத்துகிறவர் முதல் ஏலத்துக்கு முன்பே சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தைப் பதிவாளரின் பிடியில் வைத்தாக வேண்டும். இப்படிப்பட்ட சட்டங்கள் சும்மா வந்துவிடுவதில்லை. 90களில் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது பூட்டிய ஷட்டர்களுக்கு முன்னால் நின்றது எங்கள் அப்பா தலைமுறை. அதன் பிறகுதான் 1997ல் வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

பங்குச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்வி என்ற புரோக்கர் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன்னுடையதுபோல அடகு வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை போட்டது. அடுத்த சில நாட்களிலேயே 80,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அவர்களின் பங்குகள் அவரவர் டீமேட் கணக்குக்குத் திரும்பின. எப்படி முடிந்தது? பங்கு எங்கே இருக்கிறது, யாருடையது என்ற பதிவு புரோக்கரின் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லாமல் என்எஸ்டிஎல் என்ற தனி அமைப்பிலும் இருந்ததால்தான் முடிந்தது. அதோடு விடாமல், 2020 செப்டம்பர் முதல் புரோக்கர் கைக்குப் பங்கைக் கொடுக்காமலே, வாடிக்கையாளர் கணக்கில் இருந்தபடியே பிணையமாக்கும் முறையைச் செபி கட்டாயமாக்கியது. ஒரு திருட்டு நடந்தது, அடுத்த திருட்டுக்கு வழி அடைக்கப்பட்டது. இதைச் செய்யத் தெரிந்த அரசாங்கம்தான் நம்முடையது.

கிரிப்டோவில் நிலைமை என்ன? என் அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. ஆப்பில் "உங்கள் இருப்பு" என்று காட்டுவது அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் உள்ள ஒரு வரி மட்டுமே. காயின்கள் எல்லோருடையதும் ஒன்றாகக் கலந்து நிறுவனத்தின் வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில் இருக்கும். அந்த வாலட்டின் சாவி நிறுவனத்திடமோ அது அமர்த்திய பாதுகாவலரிடமோ இருக்கும். அந்த வாலட்டிலும் இரண்டு வகை. இணையத்தோடு எப்போதும் இணைந்திருப்பது ஹாட் வாலட், கடையின் கல்லாப்பெட்டி மாதிரி. இணையத்தோடு தொடர்பில்லாமல் வைத்திருப்பது கோல்ட் வாலட், பேங்க் லாக்கர் மாதிரி. கல்லாவில் எவ்வளவு, லாக்கரில் எவ்வளவு என்று சொல்ல இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. கம்பெனிப் பணமும் வாடிக்கையாளர் காயினும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனத்தின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. அவர்கள் கையில் இருந்த மொத்தத்தில் அது ஏறக்குறைய 45 சதவீதம். பல கையொப்பம் இருந்தால்தான் திறக்கும் வாலட் அது. அப்படியும் போய்விட்டது. வடகொரியாவோடு தொடர்புள்ளவர்களின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருட்டு எந்த நாட்டு நிறுவனத்திலும் நடக்கலாம். அதற்குப் பிறகு நடந்தவைதான் சட்டம் இல்லாததன் விளைவு. பரிவர்த்தனை ஒரு வருடத்துக்கும் மேல் முடங்கியது. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பதால், நட்டத்தை யார் எப்படிச் சுமப்பது என்ற திட்டம் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில், அந்த நாட்டுக் கம்பெனிச் சட்டப்படி முடிவானது. இந்த நிறுவனத்தை வாங்கிவிட்டதாக 2019 நவம்பரில் அறிவித்த பைனான்ஸ், அந்தக் கொடுக்கல் வாங்கல் முடியவே இல்லை என்று 2022 ஆகஸ்டில் சொன்னது. உரிமையாளர் யார் என்பதிலேயே இரு தரப்பும் பொதுவெளியில் மாறுபட்டு நின்றபோது, வாடிக்கையாளர் யாரைப் போய்க் கேட்பார்? லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் இருந்திருந்தால், இந்தத் தொழிலை நடத்துகிறவர் யார், வாலட் யாருடையது என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2025 ஜூலை 19 அன்று, காயின்டிசிஎக்ஸ் என்ற இன்னொரு கிரிப்டோ நிறுவனத்திலும் சுமார் 4.4 கோடி டாலர் போனது. அது நிறுவனத்தின் சொந்தச் செயல்பாட்டுக் கணக்கு, வாடிக்கையாளர் காயின் வேறாக இருந்தது, நட்டத்தை நாங்களே ஏற்கிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. நல்லது. ஆனால் வேறாக வைத்திருந்ததும், ஏற்றுக்கொண்டதும் அவர்களாகச் செய்தது. அடுத்த நிறுவனம் அப்படிச் செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்று கேட்க எந்தச் சட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் இல்லாத இந்த வெற்றிடத்தில் ஒரு நீதிமன்றம் விளக்கேற்றியிருக்கிறது. அது நம் சென்னை உயர் நீதிமன்றம் என்பதில் எனக்குப் பெருமை. வசீர்எக்ஸில் 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து வாங்கியவை அவை. திருடுபோனது வேறு வகைக் காயின். ஆனாலும் நட்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அவருடையதையும் முடக்கியிருந்தார்கள். கிரிப்டோ என்பது நாணயம் ஆகாது, ஆனால் அது சொத்து, உடைமையாக வைத்து அனுபவிக்கத் தக்கது, நம்பிக்கைப் பொறுப்பில் (டிரஸ்ட்) வைக்கத் தக்கது என்றார் நீதிபதி. தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்றாலும், பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதால் இங்கே பாதுகாப்புக் கேட்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டார். நியூசிலாந்தில் கிரிப்டோபியா என்ற நிறுவனம் திவாலான வழக்கில், காயின்கள் வாடிக்கையாளர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்ட சொத்து என்று 2020ல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆனால் உயர் நீதிமன்றம் வரை போக வக்கீலும் நேரமும் வேண்டும். மில் எலக்ட்ரீஷியனுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவருக்கு நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பை எல்லோருக்கும் கொடுப்பது சட்டத்தால்தான் முடியும்.

அதற்கு ஜப்பானைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் என்ற பிட்காயின் பரிவர்த்தனை நிறுவனம் 2014 பிப்ரவரியில் விழுந்தது. 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள், பிறகு 2,00,000 மட்டும் ஒரு பழைய வாலட்டில் கிடைத்தது. மீட்டதைக் காயினாக வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தது 2024 ஜூலையில், 10 வருடம் கழித்து. அந்த அடியிலிருந்து பாடம் படித்து 2017 ஏப்ரல் முதல் பதிவு இல்லாமல் பரிவர்த்தனை நிறுவனம் நடத்தக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அப்போதும் ஓட்டை இருந்தது. 2018 ஜனவரியில் காயின்செக் நிறுவனத்தில் 5,800 கோடி யென் மதிப்புள்ள நெம் காயின் முழுக்க ஹாட் வாலட்டிலேயே கிடந்து திருடுபோனது. பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நிறுவனம் அது. சுமார் 2,60,000 பேருக்கு அது தன் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தது. அதுதான் கொடுத்துவிட்டதே என்று ஜப்பான் அரசு நிம்மதியாக இருந்துவிடவில்லை, அடுத்தவன் கொடுப்பானா என்று யோசித்தது. சட்டத்தை மறுபடி திருத்தியது. 2020 மே முதல், வாடிக்கையாளர் காயினில் 95 சதவீதமாவது இணையத் தொடர்பில்லாத வாலட்டில் இருக்க வேண்டும். மீதி 5 சதவீதத்துக்கு, அதே வகைக் காயினை அதே அளவில் நிறுவனம் தன் சொந்தக் காசில் வாங்கித் தனியாக வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் ரொக்கம் நம்பிக்கைப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது 2022 நவம்பரில். எஃப்டிஎக்ஸ் என்ற மாபெரும் கிரிப்டோ நிறுவனம் உலகம் முழுக்க ஒரே வாரத்தில் சரிந்தது. வாடிக்கையாளர் பணத்தை அதன் முதலாளியின் இன்னொரு நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்ததுதான் காரணம். பல நாடுகளில் அதில் பணம் போட்டவர்கள் அமெரிக்க திவால் நீதிமன்றத்தின் வாசலில் காத்திருந்தபோது, எஃப்டிஎக்ஸ் ஜப்பான் வாடிக்கையாளர்கள் 2023 பிப்ரவரியிலேயே தங்கள் காயினையும் பணத்தையும் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே பெயர்ப் பலகை, ஒரே முதலாளி. ஜப்பான் கிளையில் மட்டும் வாடிக்கையாளர் சொத்து தனியாக இருந்தது, ஏனென்றால் அங்கே சட்டம் அப்படிச் சொன்னது. என் மடலில் வேறு எதைத் தவிர்த்தாலும் இந்த ஒரு நிகழ்வை மட்டும் உங்கள் அதிகாரிகள் எடுத்துப் படிக்க வேண்டும்.

லைசென்ஸ் கொடுத்தால் இந்தத் தொழிலுக்கு அரசே மரியாதை கொடுத்ததுபோல ஆகிவிடும் என்ற கவலை ரிசர்வ் வங்கிக்கு உண்டு என்று அறிவேன். 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். முன்பு சென்னை உயர் நீதிமன்றத்திலும் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 மார்ச் 4 அன்று அதை ரத்து செய்தது. 2021ல் கிரிப்டோ பற்றிய ஒரு மசோதா நாடாளுமன்றப் பட்டியலில் வந்து, தாக்கலாகாமலே போனது. தடை செய்வதுதான் நல்லது என்று ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் 2022 பிப்ரவரியில் பேசினார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். நானே என் பிள்ளைகளை இதில் பணம் போட விடமாட்டேன், கேட்டு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு தொழிலின் லாபத்தில் 30 சதவீதம் வாங்கிக்கொண்டிருக்கும்போது மரியாதை பற்றிய கேள்வி முடிந்துபோய்விட்டது. தடை செய்வதானால் அவகாசம் கொடுத்துத் தடை செய்யுங்கள், எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். நடக்கட்டும் என்றால் காவலோடு நடக்கட்டும்.

நான் கேட்பது பெரிய சட்டப் புத்தகம் இல்லை. வாடிக்கையாளரின் காயின் வாடிக்கையாளருடையது, நிறுவனம் திவாலானால் அது மற்றக் கடன்காரர்களுக்குப் போகாது என்று சட்டத்தில் ஒரு வரி வேண்டும். கல்லாவுக்கும் லாக்கருக்கும் ஜப்பான் மாதிரி ஓர் அளவு, அதை வெளித் தணிக்கையாளர் பார்த்துச் சொல்லும் கடமை. இந்தியரிடம் பணம் வாங்கும் நிறுவனம் இந்தியாவில் பதிவாகி, அந்த வாலட்டுக்கும் இங்கேயே பொறுப்பேற்க வேண்டும். வங்கிக்கு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார், பங்குக்கு செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளம் இருக்கிறது, இதற்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் தமிழில் எழுதிய புகாரையும் வாங்க வேண்டும். ஆப்பின் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்தத் தம்பி அதற்கு "ஏற்கிறேன்" அழுத்தியது அதைப் படித்துப் பார்த்து இல்லை.

வரி பற்றியும் ஒன்று. ஒரு காயினில் 50,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 50,000 நட்டம் என்றால் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் செஸ் சேர்த்து 15,600 ரூபாய் வரி கட்ட வேண்டும், ஏனென்றால் ஒன்றின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க விடுவதில்லை. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. அட்டவணையில் நட்டம் வந்த இடத்தில் பூஜ்யம் போடச் சொல்கிறது படிவம். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி விற்றுக் கண்ட சின்ன லாபத்துக்கு வரி போட்டேன். மாட்டிக்கொண்ட 1,80,000 ரூபாயை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. 18 வருடத்தில் ஒரு கணக்கை முடித்துவிட்டு இவ்வளவு மனம் கனத்தது இல்லை.

அமைச்சர் அவர்களே, 2019 பட்ஜெட் உரையில் யானைக்குக் கவளம் கொடுப்பது பற்றிய சங்கப் பாடலை நாடாளுமன்றத்தில் தமிழிலேயே சொன்னீர்கள். வயலுக்குள் யானை புகுந்து மிதிக்காமல், அறுத்த நெல்லைக் கவளமாகக் கொடுத்தால் நெடுநாள் வரும் என்று விளக்கமும் சொன்னீர்கள். அன்று டிவியில் பார்த்து எங்கள் தெருவே மகிழ்ந்தது. இங்கே கவளம் வருடா வருடம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அது விளையும் வயலுக்குத்தான் வேலி கேட்கிறோம்.

சட்ட வரைவு தயாராகும்போது பொதுமக்கள் கருத்துக்காகத் தமிழிலும் வெளியிடுங்கள். வெளியான முதல் வாரத்திலேயே என் கருத்தை எழுதி அனுப்புகிறேன். அந்தத் தம்பி சம்மதித்தால் அவனுடைய 26ஏஎஸ் நகலையும் அதோடு இணைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்